த்ரெட் பூல்ல க்ராஷ், ட்ரேஸ்பேக்கே இல்ல: அந்த சாஞ்ச போட்டோவை முதல்ல பாருங்க

நீங்க கேட்டதை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. பைக்யூட்டி 5-ல (விண்டோ, பட்டன் எல்லாம் செய்யற க்யூட்டிங்கற சி ப்ளஸ் ப்ளஸ் லைப்ரரியைப் பைத்தான்ல இருந்து கூப்பிடறது) ஒரு போட்டோ ப்ரவுசர் எழுதுறீங்க, விண்டோஸ்ல. ஒரு ஃபோல்டரைத் தொறந்தா உள்ள இருக்கற ஆயிரக்கணக்கான போன் போட்டோவுக்கும் 200 பிக்சல் தம்ப்நெயில் போடணும், அதுக்கு ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு க்யூரன்னபிள் (பின்னணில ஓட வேண்டிய ஒரு வேலை, ஒரு வொர்க்கர்) செஞ்சு த்ரெட் பூல்ல, அதாவது அந்த வேலைகளைப் பங்கு போட்டு ஓட்டற த்ரெட் கூட்டத்துல, தள்ளுறீங்க. பத்து தடவை ஓட்டுனா மூணு தடவை சத்தமே இல்லாம செத்துப்போகுது, பைசார்ம் எடிட்டர்ல ட்ரேஸ்பேக் (எர்ரர் எந்த வரில வந்துச்சுன்னு சொல்ற பட்டியல்) இல்லாம வெறும் எக்ஸிட் கோட் மட்டும் வருது, பெரும்பாலும் -1073741819, எப்பவாவது -1073740791. மேக்ஸ் த்ரெட் கவுண்ட்டை 1 ஆக்கினா குறையுது ஆனா நிக்கல, முடிஞ்ச படத்தை சிக்னலா அனுப்பற எமிட்டுக்கு அடுத்த வரில ஒரு ப்ரிண்ட் போட்டா க்ராஷே வரல. அதனால க்யூட்டியோட த்ரெட் பூல்ல பக் இருக்கா, பைத்தானோட சொந்த த்ரெடிங்குக்கு மாறிடலாமான்னு கேட்டிருக்கீங்க. கடைசில போற போக்குல ஒண்ணு சொன்னீங்க பாருங்க, "சில போட்டோ மட்டும் சாஞ்சு கலர் மாறித் தெரியுது, அது வேற பக், அப்புறம் பாத்துக்கறேன்"னு. அது வேற பக் இல்லங்க. உங்க மொத்தக் கேள்வியிலயும் எனக்கு உபயோகமான வரி அதுதான்.

நான் பதினாலு வருஷமா க்யூட்டில டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதறவன், பெரும்பகுதி சி ப்ளஸ் ப்ளஸ், கடைசி ஆறேழு வருஷமா பைத்தானும். நீங்க போட்டது இருபது வரி கோட், மீதி என்கிட்ட இல்ல. அதனால எது உறுதி, எது ஊகம்னு பிரிச்சே சொல்றேன்.

உறுதியான விஷயம் ஒண்ணு: உங்களுக்கு வந்திருக்கறது ஒரு நோய் இல்ல, ரெண்டு. ரெண்டு எக்ஸிட் கோட்டையும் ஒரே க்ராஷ்னு நெனச்சுக்கிட்டு தேடுனதாலதான் ஒரு நாள் சரியானமாதிரி இருந்து மறுநாள் திரும்ப வருது. -1073741819 வந்தா அது ஆக்சஸ் வயலேஷன், அதாவது தன்னோடது இல்லாத மெமரியைத் தொட்டதுக்கு விண்டோஸ் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளினது. -1073740791 வந்தா அந்த ப்ரோகிராம் தானே 'போதும் செத்துக்கறேன்'னு அபார்ட் பண்ணிக்கிச்சுன்னு எடுத்துக்கலாம், பைக்யூட்டில அநேகமா எப்பவுமே அப்படித்தான். (லினக்ஸ்ல இதே ரெண்டும் 139, 134-ன்னு வரும்.) முதலாவது ஆஸ்பத்திரி கேஸ்னா ரெண்டாவது சும்மா தலைவலி, ஆனா வெளிய பாக்க ரெண்டுமே விண்டோ பொசுக்குன்னு மறையறதுதான்.

தலைவலியை முதல்ல முடிச்சுடலாம். பைக்யூட்டி 5.5-ல இருந்து ஒரு மாத்தம் வந்துச்சு: க்யூட்டி கூப்பிடற உங்க பைத்தான் ஃபங்ஷனுக்குள்ள, அது ஸ்லாட்டோ (சிக்னலை வாங்கற ஃபங்ஷன்) ரன் மெத்தடோ (வொர்க்கரோட வேலை நடக்கற ஃபங்ஷன்) எதுவானாலும், ட்ரை எக்செப்ட் எதுலயும் மாட்டாத எக்செப்ஷன் ஒண்ணு கெளம்பினா பைக்யூட்டி க்யூஃபேட்டலைக் கூப்பிடும், அது அபார்ட் பண்ணிடும். அதுக்கு முன்னாடி வெர்ஷன்ல ட்ரேஸ்பேக்கை ப்ரிண்ட் பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருக்கும். இப்பவும் ட்ரேஸ்பேக் ப்ரிண்ட் ஆகத்தான் செய்யுது, ஆனா பைசார்ம்ல அது பல நேரம் கண்ணுக்கு வர்றதில்ல, அதே ஸ்கிரிப்ட்டை கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஓட்டுனா தெரியும், இல்லன்னா ரன் கான்ஃபிகரேஷன்ல அவுட்புட் கன்சோல்ல டெர்மினல் எமுலேட் பண்ற டிக்கைப் போடுங்க. உங்க கோட்ல எந்த எக்செப்ஷனா இருக்கும்னா, இது என் ஊகம், ஆனா பந்தயம் கட்டுற அளவுக்கான ஊகம்: நீங்க ஓபன்சிவிங்கற பட லைப்ரரியோட இம்ரீட்ல போட்டோவைப் படிக்கறீங்க, அடுத்த வரிலயே ஷேப் (அகலம், உயரம்) எடுக்கறீங்க. இம்ரீட் ஃபைலைத் தொறக்க முடியலன்னா எக்செப்ஷன் போடாது, 'நன்'னு, அதாவது 'ஒண்ணும் இல்ல'ங்கற காலி மதிப்பைக் கையில குடுத்துட்டு பேசாம இருக்கும், அதுக்கு ஷேப் கேட்டா அட்ரிபியூட் எர்ரர். விண்டோஸ்ல இம்ரீட்டுக்கு தமிழ்ல பேர் வெச்ச ஃபோல்டர்னாலே ஆகாது. "ஊர் திருவிழா"ன்னு ஒரு ஃபோல்டர் போதும். நம்பைங்கற கணக்கு லைப்ரரியோட ஃப்ரம்ஃபைல் வெச்சு பைட்டாப் படிச்சு இம்டீகோட்ல குடுத்தீங்கன்னா அந்தப் பிரச்சனை போயிடும். அதோட ரன் மெத்தட் முழுசையும் ஒரு ட்ரை எக்செப்ட்ல போட்டு, எர்ரரை சிக்னல் வழியா ஜியூஐக்கு (விண்டோவை வரையற மெயின் த்ரெட்டுக்கு) அனுப்புங்க, எதுலயும் மாட்டாத எக்செப்ஷன் கடைசியா வந்து சேர்ற சிஸ் எக்செப்ட்ஹூக்குக்கும் ஒரு ஃபங்ஷன் வைங்க, நம்ம ஹூக் இருந்தா பைக்யூட்டி அபார்ட் பண்ணாது.

இப்ப பெரிய விஷயம். உங்க கோட்ல இருக்கற அந்த வரி: நம்பை அரேயோட (பிக்சல் மதிப்பெல்லாம் இருக்கற பட்டியல்) டேட்டா, அகலம், உயரம், ஒரு பிக்சலுக்கு 3 பைட்டுங்கற ஆர்ஜிபி888 ஃபார்மேட்னு நாலையும் குடுத்து க்யூஇமேஜ் (க்யூட்டியோட படப் பொருள்) செஞ்சு அதை அப்படியே எமிட் பண்றீங்க. இந்த ஒரே வரில ரெண்டு ஓட்டை.

ஒண்ணு. இப்படி பஃபர் (டேட்டா இருக்கற மெமரி) குடுத்து செய்யற க்யூஇமேஜ் அந்த பஃபரை காப்பி எடுக்காது, 'அங்க இருக்கு, பாத்துக்கறேன்'னு விரலை மட்டும் நீட்டி வெச்சுக்கும். இமேஜ் உசுரோட இருக்கற வரைக்கும் பஃபரை உசுரோட வெச்சுக்கறது உங்க பொறுப்புன்னு க்யூட்டியோட ஆவணத்துலயே போட்டிருக்கு. உங்க அரே எங்க இருக்கு? ரன்னுக்குள்ள ஒரு லோக்கல் வேரியபிள்ல. எமிட் பண்ணீங்க, சிக்னல் க்யூல, அதாவது வரிசைல, போய் உக்காந்துச்சு, ரன் முடிஞ்சுச்சு, அரேயைப் புடிச்சிருந்த கடைசிக் கை விட்டுச்சு, மெமரி போயிடுச்சு. அதுக்கப்புறம் சாவகாசமா ஜியூஐ த்ரெட் க்யூல இருந்து அந்த இமேஜை எடுத்து பிக்ஸ்மேப்பா (திரைல காட்டறதுக்கான வடிவம்) மாத்தப் போகுது. காலி பண்ணிட்டுப் போன வீட்டுக்கு லெட்டர் போட்டமாதிரி. வீடு இன்னும் காலியாவே இருந்தா பழைய படமே தெரியும், தப்பிச்சீங்க. வேற ஆளு குடி வந்திருந்தா ஒரு போட்டோ இடத்துல வேற போட்டோவோட பாதி தெரியும். வீட்டையே இடிச்சிருந்தா, அதாவது அந்த மெமரியை விண்டோஸ் திருப்பி எடுத்துக்கிட்டிருந்தா, -1073741819.

இதை வெச்சு நீங்க சொன்ன விநோதம் எல்லாத்தையும் பாருங்க. எமிட்டுக்கு அடுத்து ப்ரிண்ட் போட்டா ஏன் வரல? ப்ரிண்ட் மெதுவான வேலை, அது முடியற வரைக்கும் ரன் முடியாது, ரன் முடியாத வரைக்கும் அரே சாகாது, அதுக்குள்ள ஜியூஐ த்ரெட் தன் வேலையை முடிச்சுடுது. ப்ரிண்ட் பக்கை சரி பண்ணல, சாவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுச்சு. மேக்ஸ் கவுண்ட் 1 வெச்சா ஏன் குறைஞ்சுச்சு, ஏன் நிக்கல? பூல்ல ஒரே த்ரெட்னாலும் ஜியூஐ த்ரெட்டோட சேத்து ரெண்டு ஆச்சே, யாரு முந்தறாங்கற ரேஸுக்கு ரெண்டு போதும். ஆனா எட்டு த்ரெட் மெமரி கேட்டு அள்ளறப்ப விட்ட இடம் ஒடனே வேற ஆளுக்குப் போகும், ஒருத்தரே கேட்டா அவ்ளோ சீக்கிரம் போகாது. பைத்தான்ல ஜிஐஎல் இருக்கே அது காப்பாத்தாதான்னு நெனப்பீங்க. ஜிஐஎல் ஒரு நேரத்துல ஒரே த்ரெட்தான் பைத்தான் பைட்கோட் ஓட்டலாம்னு மட்டும்தான் பாக்கும், க்யூட்டியோட சி ப்ளஸ் ப்ளஸ் பக்கம் எந்த மெமரி யாரோடதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது.

ரெண்டாவது ஓட்டை, அந்த சாஞ்ச போட்டோ. ஒரு வரிக்கு எத்தனை பைட்டுன்னு நீங்க சொல்லலைன்னா, ஒவ்வொரு வரியும் 4 பைட் எல்லைல முடியும்னு க்யூஇமேஜ் தானே முடிவு பண்ணிக்கும். ஓபன்சிவி ரீசைஸ் குடுக்கற அரேல அந்த மாதிரி இட்டுநிரப்பல் எதுவும் கிடையாது, வரிக்கு வரி ஒட்டியே இருக்கும். போன் கேமரா 4:3. படுக்கைவாட்டு போட்டோன்னா தம்ப்நெயில் 200-க்கு 150, ஒரு வரிக்கு 200 இன்டு 3, 600 பைட், 4-ஆல சரியா வகுபடும், பிரச்சனையே இல்ல. செங்குத்தா எடுத்த போட்டோன்னா 150-க்கு 200, ஒரு வரிக்கு 450 பைட், வகுபடாது, க்யூட்டி அதை 452-ன்னு எடுத்துக்கும். அப்ப ஒவ்வொரு வரியும் முந்தின வரியை விட 2 பைட் தள்ளிப் படிக்கும், படம் சாயும், சிவப்பு இருக்க வேண்டிய எடத்துல நீலம் வரும். நீங்க பாத்தது அதான். இதுவரைக்கும் வெறும் அசிங்கம், ஆனா 200 வரில கிட்டத்தட்ட 400 பைட் பஃபரோட எல்லையைத் தாண்டிப் படிச்சிருக்கும். பெரும்பாலும் பக்கத்துல வேற ஏதாவது மெமரி இருக்கும், ஒண்ணும் ஆகாது, எப்பவாவது இல்லாத பக்கத்துல கால் வெச்சா க்ராஷ். இதுல த்ரெட்டுக்கு சம்பந்தமே இல்ல பாருங்க, த்ரெட் பூலையே தூக்கிப் போட்டாலும் இது இருக்கும். சாயறதுக்கு இதுதான் காரணம்னு அடிச்சு சொல்வேன். க்ராஷ்ல பெரும்பங்கு முதல் ஓட்டையோடதுன்னு நெனக்கறேன், ஆனா அது நெனப்புதான்.

ரெண்டுக்கும் மருந்து ஒரே வரி: உயரத்துக்கு அடுத்து அகலம் இன்டு 3-ஐ வரிக்கான பைட்டாக் குடுங்க, க்யூஇமேஜ் செஞ்ச கையோட அதே வரில டாட் காப்பி போட்டு அந்த காப்பியை எமிட் பண்ணுங்க. 90,000 பைட் காப்பி பண்றது ஒரு செலவே இல்ல, வேகம் குறையும்னு யாராவது வந்து சொன்னா காதுல வாங்காதீங்க.

அப்புறம் ரன்னுக்குள்ளயே பிக்ஸ்மேப் செய்யறதா கமெண்ட் அவுட் பண்ணி வெச்சிருந்த ஒரு பழைய வெர்ஷனையும் பாத்தேன். பிக்ஸ்மேப் ஜியூஐ த்ரெட்டுக்கான பொருள், இமேஜ்தான் எந்த த்ரெட்லயும் தொடலாம். க்யூட்டி 5-ல ப்ளாட்ஃபார்மைப் பொறுத்து வேற த்ரெட்ல பிக்ஸ்மேப் செய்ய விடும், வார்னிங்கும் வராது, அதனால உங்க க்ராஷுக்கு அதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் திரும்ப அந்தப் பக்கம் போகாதீங்க. லேபிள் மாதிரி விட்ஜெட்டை வொர்க்கர்ல இருந்து தொடறதுல மட்டும் இந்த 'பொறுத்து' கதையே கிடையாது, எங்கயும் எப்பவும் கூடாது.

ஆயுள் விஷயம் இன்னொண்ணு உங்க கோட்ல இருக்கு. க்யூரன்னபிள் க்யூஆப்ஜெக்ட் கிடையாது, அதுல சிக்னல் வைக்க முடியாது, அதனால எல்லாரும் செய்யறமாதிரி ஒவ்வொரு வொர்க்கருக்குள்ளயும் ஒரு சின்ன சிக்னல் ஆப்ஜெக்ட்டை வெச்சிருக்கீங்க. ஆட்டோடெலீட் டிஃபால்ட்டா ஆன்ல இருக்கும், ரன் முடிஞ்சதும் பூல் அந்த ரன்னபிளை அழிச்சுடும், அதோட சேந்து சிக்னல் ஆப்ஜெக்ட்டும் பூல் த்ரெட்லயே சாகும், அது பொறந்ததோ ஜியூஐ த்ரெட்ல. இந்த அமைப்புல கடைசி சிக்னல் வந்து சேராமப் போறதையும், ஆப்ஜெக்ட் ஏற்கனவே டெலீட் ஆயிடுச்சுன்னு ரன்டைம் எர்ரர் வர்றதையும் நான் பாத்திருக்கேன். எல்லா எடத்துலயும் வரும்னு சொல்லல, வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுது. ஆனா சுத்தமாத் தப்பிக்க வழி இருக்கு: மெயின் விண்டோல ஒரே ஒரு சிக்னல் ஆப்ஜெக்ட் செஞ்சு வைங்க, எல்லா வொர்க்கருக்கும் அதையே குடுங்க, போட்டோ நம்பரையும் சேத்து எமிட் பண்ணட்டும். பல த்ரெட்ல இருந்து ஒரே ஆப்ஜெக்ட்டோட சிக்னலை எமிட் பண்றதுல தப்பே இல்ல, எமிட் பண்ற த்ரெட்டும் வாங்கற ஆப்ஜெக்ட்டோட த்ரெட்டும் வேறயான்னு க்யூட்டி பாத்து க்யூல போட்டுக்கும். கனெக்ட் பண்றப்ப லாம்டாவை (பேரில்லாத குட்டி ஃபங்ஷன்) விட்டுட்டு விண்டோவோட மெத்தடையே குடுங்க, யாரு வாங்கறான்னு அப்பதான் க்யூட்டிக்கு சந்தேகமில்லாமத் தெரியும்.

லாம்டான்னதும் ஒண்ணு சொல்லணும். 2016 வாக்குல ஒரு லேப் கருவிக்கான சாஃப்ட்வேர்ல வேலை பாத்தேன், சி ப்ளஸ் ப்ளஸ். விண்டோவை மூடறப்ப மட்டும் க்ராஷ், அதுவும் கஸ்டமர் எடத்துல மட்டும். நாலு நாள் கருவியோட ட்ரைவரைத் திட்டிக்கிட்டிருந்தோம், ட்ரைவர் எழுதுனவங்களுக்கு மெயில் எல்லாம் போட்டாச்சு. கடைசில பாத்தா எங்க கனெக்ட்தான். சிக்னலை ஒரு லாம்டாவுக்கு இணைச்சிருந்தோம், காண்டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் (அந்த லாம்டா யாரோடதுன்னு சொல்ற பொருள்) குடுக்காம. அப்படிக் குடுக்கலைன்னா லாம்டா எமிட் பண்ற த்ரெட்லயே நேரா ஓடும், விண்டோ செத்தாலும் கனெக்ஷன் அறுந்து போகாது. விண்டோ மூடியாச்சு, பூல்ல ஒரு வேலை இன்னும் ஓடுது, அது முடிஞ்சு இல்லாத லேபிளுக்கு டெக்ஸ்ட் போட்டுச்சு. எங்க ஆபீஸ் மெஷின்ல அந்த வேலை அரை செகண்ட்ல முடிஞ்சுடும், அவங்க மெஷின்ல ஆறு செகண்ட், அவ்ளோதான் வித்தியாசம். திருத்தம் ஒரே ஒரு வார்த்தை, 'திஸ்'னு சேத்தோம். ட்ரைவர்காரங்களுக்கு மன்னிப்பு மெயில் போடற வேலை என் தலையில விழுந்துச்சு.

உங்க க்ளோஸ் ஈவென்ட்லயும் ஒண்ணும் இல்ல, அதையும் சேத்துடுங்க: நிறுத்தச் சொல்ற ஒரு ஃப்ளாக்கைத் தூக்குங்க, ரன் ஆரம்பத்துல வொர்க்கர் அதைப் பாக்கட்டும், பூலோட க்ளியரைக் கூப்பிட்டு இன்னும் ஆரம்பிக்காததைத் தூக்கிப் போடுங்க, வெயிட்ஃபார்டன் கூப்பிட்டு ஓடிக்கிட்டிருக்கறது முடியற வரைக்கும் நில்லுங்க, அப்புறம் மூடுங்க. ப்ளாக்கிங் க்யூட் கனெக்ஷன் (ஸ்லாட் முடியற வரைக்கும் எமிட் பண்ணவரை நிறுத்தி வைக்கறது) எங்கயாவது யூஸ் பண்ணியிருந்தா மட்டும் ஜாக்கிரதை, ஜியூஐ வொர்க்கருக்காக நிக்கும், வொர்க்கர் ஜியூஐக்காக நிக்கும், ரெண்டும் நகராது.

இதெல்லாம் செஞ்சும் வந்தா எப்படித் துரத்தறதுன்னா, க்ராஷைக் குறைக்கப் பாக்காதீங்க, கூட்டப் பாருங்க. பத்துக்கு மூணு வர்ற பக்கை வெச்சு எந்தத் திருத்தம் வேலை செஞ்சுதுன்னு கண்டுபுடிக்க முடியாது, பத்துக்கு பத்து வரணும். மேக்ஸ் கவுண்ட்டை 32 ஆக்குங்க, ஜியூஐ ஸ்லாட்டோட தலையில ஒரு 20 மில்லிசெகண்ட் ஸ்லீப் போடுங்க, அப்ப க்யூல இமேஜ் தேங்கும், சாக வேண்டியதெல்லாம் உறுதியா செத்திருக்கும். ப்ரோகிராமோட முதல் வரில ஃபால்ட்ஹேண்ட்லரை எனேபிள் பண்ணுங்க, பைத்தான் 3.3-ல இருந்து கூடவே வருது, க்ராஷ் ஆகற நொடில எல்லா த்ரெட்டும் எந்த வரில நின்னுச்சுன்னு எழுதிட்டுதான் சாகும். கன்சோல் இல்லாத எக்ஸியா கட்டியிருந்தா எர்ரர் எழுதற எஸ்டிடிஎர்ரே இருக்காது, அதனால ஒரு ஃபைலைத் தொறந்து அதைக் குடுங்க, அந்த ஃபைலைக் கடைசி வரைக்கும் மூடாதீங்க. க்யூட்டி ஃபேட்டல் வார்னிங்ஸ்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, எல்லாம் கேப்பிட்டல், வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர், அதுக்கு 1 குடுத்தா முதல் வார்னிங்லயே க்யூட்டி அபார்ட் பண்ணிடும். "வேற த்ரெட்ல இருக்கற பேரண்ட்டுக்கு சைல்டு செய்ய முடியாது"ங்கற மாதிரி வார்னிங்கை எல்லாரும் மஞ்சக் கலர் குப்பைன்னு விட்டுடறோம், இந்த வேரியபிளும் ஃபால்ட்ஹேண்ட்லரும் சேந்தா அந்த வார்னிங் எந்த வரில பொறந்துச்சுன்னு கையில குடுத்துடும். ஆனா ஃபால்ட்ஹேண்ட்லர் காட்டற வரி குத்தவாளியோட வரின்னு எடுத்துக்காதீங்க. உங்க கேஸ்ல அது ஜியூஐ ஸ்லாட்ல பிக்ஸ்மேப்பா மாத்தற வரியைத்தான் காட்டும், அந்த வரி பாவம் ஒரு தப்பும் பண்ணல. அது தொட்ட பொருள் யாரோடது, எந்த த்ரெட்ல பொறந்துச்சு, கடைசியா யார் கையில இருந்துச்சுன்னு பின்னாடி நடந்து போகணும்.

பைத்தானோட த்ரெடிங்குக்கு மாறினா என்ன ஆகும்னு கேட்டீங்க. ஒண்ணும் ஆகாது, பஃபர் அங்கயும் இதே மாதிரிதான் சாகும், நேரம் கொஞ்சம் மாறும், ஒரு வாரம் நல்லா ஓடற மாதிரி இருக்கும். இப்ப செய்ய வேண்டியது, எதையும் திருத்தறதுக்கு முன்னாடி, செங்குத்து போட்டோ மட்டும் ஒரு ஃபோல்டர், படுக்கைவாட்டு மட்டும் ஒரு ஃபோல்டர் பிரிச்சு, இங்கிலீஷ்ல பேர் வெச்சு, ஒவ்வொண்ணையும் ஒரு இருபது தடவை ஓட்டி எந்த நம்பர் எத்தனை தடவை வந்துச்சுன்னு எழுதி வைங்க. அப்புறம் அந்த ஒரு வரியை மாத்திட்டு திரும்ப ஓட்டுங்க. அதுக்கப்புறமும் படுக்கைவாட்டு ஃபோல்டர்ல -1073741819 வந்தா நான் சொன்னதுல ஏதோ விட்டுப்போயிருக்குன்னு அர்த்தம், ஃபால்ட்ஹேண்ட்லர் எழுதுன ஃபைலை வெட்டாம முழுசாப் போடுங்க, பாக்கறேன்.